மூன்றாம் நாளே முடித்த காரியம்

துக்க வீட்டில் யாராவது, "பையனுக்குப் பரீட்சை இருக்கிறது, எல்லோரும் வெளியூரிலிருந்து வந்திருக்கிறார்கள், மூன்றாம் நாளே காரியத்தையும் சேர்த்து முடித்துவிடலாம்" என்று சொன்னால், தலையாட்டுவதற்கு முன் ஓர் இரவு பொறுங்கள். எனக்கு இதைச் சொல்ல அன்று யாரும் இல்லை. 2024 மார்ச் கடைசியில் என் கணவர் போய்விட்டார். ஐம்பத்திரண்டு வயது. கடலூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் மின் பராமரிப்பு வேலை. இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தவர், நெஞ்சு கரிக்கிறது என்றார். மருத்துவமனை வாசலுக்குப் போய்ச் சேரும்போது உயிர் இல்லை. அதற்குப் பிறகு நடந்தவற்றைத்தான் எழுதப்போகிறேன். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். செலவையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

என் கொழுந்தனார் பெங்களூரில் இருக்கிறார். நல்ல மனிதர், அண்ணன்மேல் உயிர். அவர் காரில் வந்துகொண்டிருக்கும்போதே தொலைபேசியில் ஒரு நிறுவனத்தைப் பிடித்துவிட்டார். ஃபிரீசர் பெட்டி, ஷாமியானா, நாற்காலி, வண்டி, மயான வேலை, ஐயர், மூன்றாம் நாள் காரியம், சாப்பாடு எல்லாம் சேர்த்து 85,000 ரூபாய் பேக்கேஜ். நாங்கள் எதையும் தொட வேண்டாமாம். உண்மையிலேயே எதையும் தொடவில்லை. பந்தல் போட்டவர் யார், மாலை வாங்கி வந்தவர் யார் என்றுகூட எனக்குத் தெரியாது. சீருடை போட்ட நாலு பையன்கள் வந்தார்கள், எல்லாம் நடந்தது. முடிந்த பிறகு "கூடுதல் செலவு" என்று 14,500 ரூபாய்க்கு இன்னொரு சீட்டு வந்தது. ஃபிரீசர் பெட்டிக்கு ஒரு நாள் வாடகை கூடுதலாம், நாற்காலி நூறு கூடுதலாம். அந்த நேரத்தில் எந்த வீட்டிலும் யாரும் பேரம் பேச மாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். இப்படி ஒன்றை ஏற்பாடு செய்வதானால், எதற்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். அதைப் பேசும் பொறுப்பைத் துக்கத்தில் இல்லாத ஒருவரிடம், பக்கத்து வீட்டுக்காரரிடமோ அலுவலக நண்பரிடமோ கொடுத்துவிடுங்கள்.

நாங்கள் இருப்பது மஞ்சக்குப்பத்தில் ஓர் அடுக்ககத்தில். மாமியார் ஊர் பண்ருட்டிக்குப் பக்கம். அங்கிருந்து மதியம் வேனில் பெண்கள் வந்து இறங்கினார்கள். தெருமுனையிலேயே குரல் கேட்டது. மாரடித்துக்கொண்டு மாடி ஏறி வந்து, ஒவ்வொருவராக என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, பெட்டியைச் சுற்றித் தோளில் கைபோட்டு வட்டமாக உட்கார்ந்தார்கள். என் சின்ன மாமியார் ஒப்பாரியின் முதல் அடியை எடுத்தார். காலையிலிருந்து எனக்குத் தொண்டைக்குள் ஏதோ கட்டையாக நின்றிருந்தது. அது அப்போதுதான் கொஞ்சம் அசைந்தது. நாலு அடி போயிருக்காது, அடுக்ககச் சங்கச் செயலாளர் வந்தார். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடக்கிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள், தயவுசெய்து சத்தம் வேண்டாம் என்றார். நானே பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவள். எதிர்த்துப் பேச வாய் வரவில்லை. பேக்கேஜ்காரர் உடனே ஒரு ஒலிபெருக்கியைக் கொண்டுவந்து மெல்லிய குரலில் பக்திப் பாட்டை ஓடவிட்டார். அதுவும் பேக்கேஜில் உண்டாம். வந்த பெண்கள் புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாமியார் மட்டும், "என் பிள்ளைக்கு நான் அழக்கூடாதா?" என்று ஒரு தடவை கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை.

அடுக்ககத்தில் இருப்பவர்கள் இந்த இடத்தைக் கவனியுங்கள். செயலாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கேட்டது அமைதி. "மதியம் ரெண்டிலிருந்து நாலு வரை எங்கள் பெண்கள் அழுவார்கள், அதற்கு மேல் சத்தம் இருக்காது" என்று யாராவது போய் முன்கூட்டியே சொல்லியிருந்தால் அவரே மற்ற வீடுகளுக்குச் சொல்லியிருப்பார். பிறகு ஒரு நாள் அவரே என்னிடம் இதைச் சொன்னார். கீழ்த்தளத்து வண்டி நிறுத்துமிடத்தைக் கேட்டு வாங்கலாம், அல்லது உடலை ஊருக்குக் கொண்டுபோகலாம். வழி இருந்தது. அதை யோசிக்கும் நிலையில் அன்று எங்களில் ஒருவரும் இல்லை.

மூன்றாம் நாள் விடிகாலையில் மயானத்தில் பால் தெளித்த கையோடு ஆற்றங்கரைக்குப் போய்க் காரியத்தையும் முடித்தார்கள். தாலி கழற்றும் சடங்கும் அதே அவசரத்தில் இருட்டோடு இருட்டாக நடந்தது. சடங்கு என்றால் எல்லாமே நல்லது என்று நான் சொல்லவரவில்லை. அந்த ஒன்றைச் செய்யாமல் விட்டிருந்தால் யாருக்கும் ஒரு குறையும் வந்திருக்காது. பதினாறு நாளை மூன்றாகக் குறைக்கத் துணிந்தவர்கள், ஒரு பெண்ணின் பொட்டையும் பூவையும் எடுக்கிற சடங்கை மட்டும் குறைக்கத் துணியவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. மதியம் சாப்பாடு போட்டார்கள், மாலை நாலு மணிக்குப் பந்தலைப் பிரித்தார்கள். மறுநாள் மகன் கோயம்புத்தூருக்குத் தேர்வு எழுதப் போனான். கொழுந்தனார் கிளம்பினார். மாமியாரை நாத்தனார் அழைத்துப் போனார். வீட்டில் நானும் ஃபிரீசர் பெட்டி வைத்திருந்த இடத்தில் தரையில் விழுந்த கீறலும்தான்.

எங்கள் பக்கத்தில் துக்கம் கேட்க வருவதற்கு ஒரு முறை இருக்கிறது. செவ்வாய், வெள்ளியில் வரமாட்டார்கள். வருகிறவர்கள் காரியத்துக்குள் வந்துவிட வேண்டும். காரியம் முடிந்த வீட்டுக்குப் போய் அழுவது ஆறப்போன புண்ணைக் கிளறுவது என்று நினைப்பார்கள். பதினாறு நாள் என்பது ஊரிலிருக்கிற எல்லோரும் அவரவர் ஓய்வைப் பார்த்து வந்துபோவதற்கான காலம். அதற்குள் பால் தெளித்தல், எட்டாம் துக்கம், கருமாதி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கூட்டம் வரும், ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு வேலை இருக்கும். அரிசி களைவார்கள், பாத்திரம் தேய்ப்பார்கள், நடுநடுவே அழுவார்கள், சிரிக்கவும் செய்வார்கள். இது அத்தனையும் எங்கள் வீட்டில் மூன்றாம் நாள் மாலையோடு மூடப்பட்டது. என் கணவரோடு வேலை பார்த்தவர்கள் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வருவதற்குள், "காரியமே முடிந்துவிட்டதாமே" என்ற செய்தி அவர்களுக்குப் போய்விட்டது. என் பள்ளி ஆசிரியர்கள் அடுத்த வாரம் வந்தார்கள். காரியம் முடிந்த வீடு, அழலாமா கூடாதா என்று தெரியாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "தைரியமாக இருங்கள் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு நான் காபி போட்டுக் கொடுத்தேன்.

இதில் பணக்கணக்கும் இருக்கிறது. தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியில் இருப்பவர் வேலையில் இருக்கும்போது இறந்தால், சேர்ந்த பணம், மனைவிக்கு ஓய்வூதியம் என்பவற்றோடு இ.டி.எல்.ஐ. என்ற காப்பீடும் உண்டு. அதன் உச்ச வரம்பு 7 லட்சம் ரூபாய். எனக்கு முதல் இரண்டு தெரியும், மூன்றாவது தெரியாது. அவரோடு வேலை பார்த்த ஒருவர் பல மாதம் கழித்துக் கடைத்தெருவில் பார்த்துத் தயங்கித் தயங்கிச் சொன்னார். கருமாதிக்கு வந்திருந்தால் அன்றே சொல்லியிருப்பார். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணமில்லை. சான்றிதழை இணையத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். வாரிசுச் சான்றிதழில், இந்து ஆண் இறந்தால் மனைவி, பிள்ளைகளோடு தாயின் பெயரும் வர வேண்டும்; மாமியார் ஆதாரை முதலிலேயே கேட்டு வையுங்கள், நான் அதற்காகவே அலைந்தேன். இந்த வேலைகளையெல்லாம் துக்கம் கேட்க வருகிறவர்களிடம் பிரித்துக் கொடுங்கள். "ஏதாவது உதவி வேண்டுமென்றால் சொல்லுங்கள்" என்பவரிடம் உடனே, "தாசில்தார் அலுவலகத்துக்கு என்னோடு வருகிறீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். கேட்கப்படுவதற்காகத்தான் பலர் காத்திருக்கிறார்கள்.

ஜூன் மாதத்திலிருந்து எனக்கு நெஞ்சு அடைக்க ஆரம்பித்தது. அவருக்கு வந்ததுதான் எனக்கும் வருகிறது என்று பயந்து இ.சி.ஜி., எக்கோ, ரத்தப் பரிசோதனை என்று 23,000 ரூபாய் செலவழித்தேன். இதயத்தில் ஒன்றுமில்லை. உறவில் ஒருவர், காரியம் குறையாக நடந்ததால் ஆத்மா அலைகிறது என்று ஒரு சோதிடரிடம் அழைத்துப் போனார். அவர் பரிகாரத்துக்கு 18,000 வாங்கினார். பேக்கேஜோடு சேர்த்து அதுவரை 1,40,500 ரூபாய் போயிருந்தது. வகுப்பில் கரும்பலகையில் கணக்கைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சாக்பீஸோடு நின்ற நாட்கள் உண்டு. பிள்ளைகள் ஒன்றும் சொல்லாமல் காத்திருப்பார்கள். பிறகு கடலூர் அரசு தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போனேன். அங்கே செலவே இல்லை. துக்கம் என்பது நோயில்லை. ஆனால் ஆறு மாதம் தாண்டியும் முதல் நாள் போலவே ஆளை முடக்கிப்போட்டால் அதற்குச் சிகிச்சை உண்டு, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் அதற்குத் தனி இடம் இருக்கிறது. நேரில் போகத் தயங்குகிறவர்கள் அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் 14416 எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். தூக்கம் வந்தது எனக்கு மருந்தால்தான், அதை மறைக்க மாட்டேன். அழுகை மட்டும் வரவில்லை.

எங்கள் தெருவுக்குத் தேவனாம்பட்டினத்திலிருந்து மீன் கொண்டுவருகிற அக்கா ஒருவர் உண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்ததும், சாத்தனூர் அணையைத் திறந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்ததும் கடலூர்க்காரர்களுக்கு நினைவிருக்கும். அந்த வாரங்களில் அவர் வரவில்லை. வந்தபோது அன்னக்கூடையை இறக்கி வைத்துவிட்டு, "ஐயா இல்லாமல் இந்த மழையில் தனியாகவா இருந்தாய்?" என்று கேட்டார். அத்தனை மாதத்தில் என்னைப் பார்த்து அப்படி ஒருவரும் கேட்டதில்லை. போகும்போது, "26ஆம் தேதி காலையில் எங்கள் ஊருக்கு வா டீச்சர். ஏன் வந்தாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள்" என்றார். அவருடைய மகனை 2004 டிசம்பர் 26, அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கடல் கொண்டுபோயிருந்தது. இத்தனை வருடம் அவரிடம் மீன் வாங்கியிருக்கிறேன், எனக்கு அது தெரியாது. அன்று கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறு பேருக்கு மேல் இறந்தார்கள்.

சுனாமியின் இருபதாம் ஆண்டு என்பதால் அன்று கூட்டம் அதிகம். பெண்கள் பால்குடம் எடுத்து ஊர்வலமாக வந்தார்கள். நினைவுத் தூணுக்கு மாலை போட அதிகாரிகளும் கட்சிக்காரர்களும் வந்து, படம் எடுத்துக்கொண்டு, வண்டி ஏறிப் போனார்கள். பாலைக் கடலில் ஊற்றி, பூவை விட்டார்கள். அக்கா தன் பையிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்தார். உறையைக் கிழித்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, பிஸ்கட்டை ஒவ்வொன்றாக அலையில் வைத்தார். மொத்தமாகப் போடவில்லை, ஒன்றை அலை கொண்டுபோன பிறகுதான் அடுத்தது. பிறகு பெண்கள் மணலில் வட்டமாக உட்கார்ந்தார்கள். நான் ஓரமாக நின்றேன். பக்கத்திலிருந்த ஒரு பாட்டி என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, "யார் போனது?" என்றார். "வீட்டுக்காரர்" என்றேன். அவ்வளவுதான் கேட்டார். அவர்கள் பாடிய ஒப்பாரியில் பிள்ளைகள், பேத்திகள், கட்டுமரத்தோடு போனவர்கள் என்று வரிசையாக வந்தபோது நடுவில் என் வீட்டுக்காரரும் வந்தார். ஊர் பேர் தெரியாத என் கணவரை அந்தப் பெண்கள் தங்கள் வீட்டு ஆளாக வைத்து அழுதார்கள். நான் அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. முடிந்ததும் யாரோ டீ கொடுத்தார்கள், மீன் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பேச்சு எனக்கு ஆறுதலாக இருந்தது.

வீட்டுக்கு வந்து மகனுக்கும் கொழுந்தனாருக்கும் சொன்னேன், முதலாண்டுத் திதியை ஊரில் வைக்கிறோம், எந்த பேக்கேஜும் வேண்டாம் என்று. 2025 பங்குனியில் திதி வேலை நாளில் வந்தது. படையலைக் குடும்பத்தோடு அன்றே முடித்துக்கொண்டோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை படத்திறப்பு வைத்து எல்லோரையும் கூப்பிட்டோம். இப்படிப் பிரிப்பதில் யாருக்கும் மறுப்பில்லை. மூன்றாம் நாளே காரியம் முடிக்க வேண்டிய கட்டாயம் உள்ளவர்களும் இதைச் செய்யலாம். "பதினாறாம் நாள் மாலை வீட்டில் இருப்போம், வாருங்கள்" என்று ஒரு வரியைக் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியிலும் வாட்ஸப்பிலும் சேர்த்துவிடுங்கள். கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்தால் வருகிறவர்கள் வந்துவிடுவார்கள்.

ஒரு வாரத்துக்கு முன்பே சின்ன மாமியார் எனக்குத் தொலைபேசியில், "அவன் உனக்கு என்னென்ன செய்தான், ஒன்று விடாமல் சொல்லு" என்றார். நினைவுக்கு வந்ததையெல்லாம் சொன்னேன். 2015 வெள்ளத்தில் கீழ்வீட்டுக் குழந்தைக்காக அவர் தண்ணீரில் நடந்துபோய்ப் பால் வாங்கி வந்ததையும் சொன்னேன். அன்று அது பாட்டில் வந்தது:

"இடுப்பளவு வெள்ளத்திலே இறங்கிவந்த என் ராசா
எடுத்துவந்த பால்செம்பு ஈரமின்னும் காயலையே"

வாங்கி வந்தது பாக்கெட் பால். செம்பு சின்ன மாமியாரின் சேர்க்கை. மாமியார் ஓராண்டாக அடக்கி வைத்திருந்ததை அன்று அழுதார். இந்த முறை நிறுத்தச் சொல்ல யாரும் இல்லை. பாடிய பெண்களுக்குப் புடவை வைத்துக் கொடுத்து, முதல் பந்தியில் உட்கார வைத்தோம். கூலிக்கு வந்தவர்களைப் போல ஒப்பாரி பாடுகிறவர்களை ஓரமாகச் சாப்பிட வைக்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன், பார்க்கவே கூசும்.

படத்திறப்பில் பேச வருகிறவர்களிடம் முன்பே ஒன்று சொல்லி வையுங்கள். நல்லவர், வல்லவர், ஈடுசெய்ய முடியாத இழப்பு என்று பேச வேண்டாம், ஒரு சம்பவத்தைச் சொன்னால் போதும் என்று. சிப்காட்டிலிருந்து வந்த நண்பர், என் கணவர் சட்டைப் பையில் எப்போதும் ஃபியூஸ் கம்பியைச் சுருட்டி வைத்திருப்பார், தன் டிபனை மூடி வைத்துவிட்டு மற்றவர்கள் டப்பாவில்தான் முதலில் கை வைப்பார், கேட்டால் "கரண்ட் இருக்கிறதா என்று சோதிக்கிறேன்" என்பார் என்று சொன்னார். என் மகன் சத்தமாகச் சிரித்தான். அப்பாவுக்குக் கொள்ளி வைத்தபோதும் அழாத பிள்ளை, சிரித்துக்கொண்டிருக்கும்போதே முகம் கோணி உடைந்துபோனான். அந்த நண்பரே அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டார். கொழுந்தனார் எழுந்து தோப்புப் பக்கம் போனார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. பந்தல், சமையல், புடவை எல்லாம் சேர்த்து அன்றைய செலவு 31,000 ரூபாய். சமையலுக்குக் காய் நறுக்கியது, இலை போட்டது எல்லாம் வந்தவர்களே.

நெஞ்சடைப்பு ஒரே நாளில் நின்றுவிட்டது என்று கதைவிட மாட்டேன். இப்போதும் இரவு ஷிஃப்ட் முடிகிற நேரத்துக்கு விழிப்பு வருகிறது. எழுந்து காபி போட்டால், பக்கத்து அறையிலிருந்து மாமியாரும் எழுந்து வந்துவிடுகிறார். படத்திறப்புக்குப் பிறகு அவர் என்னோடுதான் இருக்கிறார். விடுமுறைக்கு வந்த மகனுக்குப் பாட்டியின் ஒப்பாரியைக் கைப்பேசியில் பதிவு செய்ய ஆசை. கிழவி ஒத்துக்கொள்ளவில்லை. சாவு விழாத வீட்டுக்குள் ஒப்பாரி பாடக்கூடாது, பாடினால் அடுத்த சாவு விழும் என்கிறார். இவன் விடுகிற ஆளில்லை. வெற்றிலை பாக்கு வாங்கிக் கொடுத்து ஊர் முந்திரித் தோப்புக்கு அழைத்துப் போய்ப் பாட வைக்கிறான். இதுவரை பதிவானதில் பாதி என் மாமனாரைத் திட்டுகிற பாட்டு.